கருமுட்டைக் கணக்கு: கர்னால் எருமையும் சியோல் பேராசிரியரும்

குளோனிங், ஸ்டெம் செல் விஞ்ஞானிகளைப் பற்றி எது படித்தாலும் கதை ஒரே அச்சில்தான் இருக்கு. சின்ன வயசில் கஷ்டம், ராத்திரி பகலா ஆய்வகம், கடைசியில் ஒரு கன்றோ நாய்க்குட்டியோ பிறக்கும். அதுக்கு அழகா ஒரு பெயர் வைப்பார்கள், போட்டோ வரும், 'உலகிலேயே முதல்முறை' என்று தலைப்பு வரும். அந்த விஞ்ஞானி பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அதே கதை 'எழுச்சியும் வீழ்ச்சியும்' ஆகிவிடும். இரண்டு வகைக் கதையிலும் ஒரு கேள்வி மட்டும் ஓரமாகத் தள்ளப்படுகிறது: கருமுட்டை எங்கிருந்து வந்தது? எத்தனை? யார் கொடுத்தது, என்ன விலைக்கு?

இந்தக் குறிப்பில் இரண்டு ஆய்வு வாழ்க்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று நம்ம நாட்டில், ஹரியானாவின் கர்னாலில், எருமையைக் குளோன் செய்த குழு. இன்னொன்று தென் கொரியாவின் ஹ்வாங் வூ-சுக். இரண்டு பக்கமும் கால்நடை மருத்துவ ஆராய்ச்சியிலிருந்து வந்தவர்கள். முட்டைக் கணக்கைச் சேர்த்துப் படித்தால் இவர்களைப் பற்றி நாம் வைத்திருக்கிற தீர்ப்பு எப்படி மாறுது என்பதுதான் விஷயம். நான் இதை திருவொற்றியூரில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த ஊர் இந்தக் கதைக்குள் ஏன் வருது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் தொழில்நுட்பம்

குளோனிங் என்றால் நகல் எடுப்பது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நடப்பது இதுதான். ஒரு பெண் விலங்கின் கருமுட்டையை எடுத்து, அதன் உட்கருவை நீக்கிவிடுவார்கள். அந்தக் காலி முட்டைக்குள் வேறொரு விலங்கின் தோல் செல் மாதிரி ஏதாவது ஒரு செல்லைச் சேர்ப்பார்கள். முட்டையின் திரவத்தில் இருக்கிற பொருட்கள் அந்தத் தோல் செல்லின் உட்கருவைப் பழைய நிலைக்குத் திருப்பி, கரு மாதிரி நடந்துகொள்ள வைக்கும். இந்த வித்தையை விஞ்ஞானி செய்வதில்லை, முட்டை செய்கிறது. அது எப்படிச் செய்கிறது என்பது இன்றைக்கும் முழுசா புரியவில்லை. அதனால்தான் பெரும்பாலான முயற்சிகள் தோற்றுப்போகின்றன.

1996 ஜூலை 5 அன்று பிறந்த டாலி ஆட்டின் கணக்கைப் பாருங்க. இயன் வில்மட், கீத் கேம்பல் குழு 277 முட்டைகளில் செல்லை இணைத்தது. 29 கருக்கள் தேறின. 13 ஆடுகளின் கருப்பையில் வைத்தார்கள். பிறந்தது ஒன்று. ஆக, குளோனிங் ஆய்வகத்துக்கு அறிவும் பணமும் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் முட்டை வரத்து. தினமும், நிறைய, குறைந்த செலவில் வரணும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு கர்னாலுக்குப் போவோம்.

கர்னால்: பிளேடும் கையும்

கர்னாலின் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ்.கே. சிங்லா, எம்.எஸ். சௌஹான், ஆர்.எஸ். மாணிக், பி. பால்டா ஆகியோர் இருந்த குழு 2009 பிப்ரவரி 6 அன்று ஒரு எருமைக் கன்றைக் குளோனிங்கில் பிறக்க வைத்தது. சம்ரூபா என்று பெயர் வைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் நிமோனியாவில் இறந்துவிட்டது. அதே வருடம் ஜூன் 6 அன்று கரிமா பிறந்தது. அது இரண்டு வருடம் வாழ்ந்து இதயக் கோளாறில் இறந்தது. 2010 ஆகஸ்டில் கரிமா-2. இதை உருவாக்கிய செல் எருமைக் கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல். 2013 ஜனவரியில் கரிமா-2 சாதாரணக் கருவூட்டலில் சினைபிடித்து மஹிமா என்ற கன்றை ஈன்றது. குளோன் செய்த எருமையும் மற்ற எருமை மாதிரி கன்று போடும் என்று அப்போதுதான் காட்ட முடிந்தது. செய்தித்தாள்கள் கரிமா பிறந்ததைக் கொண்டாடிய அளவுக்கு மஹிமாவைக் கவனிக்கவில்லை. அறிவியல் ரீதியாக மஹிமாதான் பெரிய செய்தி என்பேன்.

இந்தக் குழு கையாண்ட முறையைப் பற்றித் தனியாகச் சொல்லணும். மேலை நாட்டு ஆய்வகங்களில் முட்டையின் உட்கருவை எடுக்க மைக்ரோமேனிபுலேட்டர் என்ற விலை உயர்ந்த கருவி வேண்டும். ஹங்கேரிக்காரரான காபோர் வாய்டாவும் அவருடன் வேலை செய்தவர்களும் 2000க்குப் பிறகு ஒரு எளிய வழியை வளர்த்தெடுத்தார்கள். முட்டையின் மேலுறையை நொதி வைத்துக் கரைத்துவிட்டு, சாதாரண நுண்ணோக்கியின் கீழே, கையில் பிடித்த நுண்ணிய பிளேடால் முட்டையை இரண்டாக வெட்டுவது. உட்கரு உள்ள பாதியைத் தூக்கிப்போட்டுவிட்டு, உட்கரு இல்லாத இரண்டு பாதிகளையும் ஒரு தோல் செல்லையும் மின்துடிப்பில் ஒட்டவைப்பது. முட்டையின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். கர்னால் குழு இந்த வழியை எருமைக்குத் தகுந்தபடி மாற்றி, பிளேடை எந்தப் பக்கம் வைத்தால் உட்கரு சரியாகப் பிரியும் என்று பழக்கிக்கொண்டது. எங்க ஊர்ப் பக்கம் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மெஷின் இல்லாத இடத்தில் கை அளவு பிடிக்கிறது.

ஒரு தொழில் நல்லா கற்றுக்கொடுக்கப்பட்டதா என்பதற்கு அடையாளம், கற்றுக்கொண்டவர் வேறு ஊரில் போய் அதைச் செய்ய முடிவது. கர்னாலில் இந்த முறையில் வேலை செய்த ரியாஸ் அகமது ஷா காஷ்மீர் போய், 2012 மார்ச் 9 அன்று நூரி என்ற பஷ்மினா ஆட்டைக் குளோன் செய்தார். அது பத்து வருடத்துக்கும் மேல் வாழ்ந்தது. கர்னால் குழுவின் சாதனை எது என்று கேட்டால் கரிமாவைச் சொல்வதற்கு முன் நான் இதைச் சொல்வேன்.

முட்டை எங்கிருந்து?

கர்னாலுக்கு முட்டை தில்லியின் இறைச்சிக்கூடத்திலிருந்து வந்தது. நம்ம சென்னைப் பேச்சில் ஆட்டுத்தொட்டி. வெட்டப்பட்ட எருமைகளின் சினைப்பைகளை வெதுவெதுப்பான உப்புநீரில் போட்டு, சில மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, ஊசியால் முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். குழுவின் ஆய்வுக்கட்டுரைகளில் இது வழிமுறைப் பகுதியில் ஒரு வரியாக இருக்கும். செய்தித்தாளில் அதுவும் இருக்காது. ஆனால் அந்த வரி இல்லாமல் கரிமா இல்லை. எப்படியும் தூக்கி எறியப்படுகிற உறுப்பு. யாருக்கும் கூடுதல் வலி இல்லை. எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். கையும் பிளேடும் பழகுவதற்கு ஆயிரக்கணக்கில் முட்டை வீணாகலாம். வீணாக முடிந்ததால்தான் பழக முடிந்தது.

இதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு. எருமை வெட்டத் தடை இல்லாத நாடு, பசு வெட்டப் பெரும்பாலான மாநிலங்களில் தடை உள்ள நாடு. அப்போ பசு முட்டை எங்கே கிடைக்கும்? 2023 மார்ச்சில் கர்னாலிலேயே கங்கா என்ற கிர் இனப் பசுங்கன்று குளோனிங்கில் பிறந்தபோது, முட்டையை உயிருள்ள பசுவிலிருந்து அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி போட்டு எடுக்க வேண்டியிருந்தது. செல் கிர் பசுவுடையது, முட்டை சாஹிவால் பசுவுடையது, சுமந்தது ஒரு கலப்பினப் பசு. எருமைக்கும் பசுவுக்கும் நடுவில் இத்தனை வருட இடைவெளி வந்ததற்கு அறிவு குறைவு காரணம் என்று சொல்ல முடியாது. முட்டை வரத்து ஒரு முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன்.

கர்னால் குழுவைப் பற்றி எனக்கு ஒரு விமர்சனமும் உண்டு. சத்தீஸ்கரில் அழிந்துகொண்டிருக்கும் காட்டெருமையைக் காப்பாற்றுவதாகச் சொல்லி 2014 டிசம்பரில் தீபாஷா என்ற கன்றை உருவாக்கினார்கள். வளர்ந்த பிறகு அது காட்டெருமை மாதிரி இல்லை, முர்ரா எருமை மாதிரி இருக்கிறது என்று சந்தேகம் கிளம்பியது. அந்தச் சந்தேகத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு சிக்கல் மிஞ்சும். குளோனின் உட்கரு மரபணு செல் கொடுத்த விலங்கிலிருந்து வந்தாலும், மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு முட்டையிலிருந்து வரும். இறைச்சிக்கூடத்து நாட்டெருமை முட்டையில் செய்த காட்டெருமைக்குள் நாட்டெருமையின் பங்கு இருக்கத்தான் செய்யும். முட்டையை வெறும் பாத்திரமாக நினைத்தால்தான் 'காட்டெருமையைத் திரும்பக் கொண்டுவந்தோம்' என்று சொல்ல முடியும். பொதுமக்களுக்குக் கொடுத்த செய்திகளில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கணும்.

சியோல்: இறைச்சிக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்கு

ஹ்வாங் வூ-சுக்கும் இதே பாதையில் தொடங்கியவர்தான். ஏழை விவசாயக் குடும்பம், சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டார், மாடு வளர்த்த அம்மா. சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் படித்துப் பேராசிரியர் ஆனார். 1999இல் பசுவைக் குளோன் செய்ததாக அறிவித்தார். அதுக்கு முறையான ஆய்வுக்கட்டுரை வரவில்லை. கொரியர்கள் உலோகச் சாப்பாட்டுக் குச்சியில் பழகிய கை உள்ளவர்கள், அதனால் முட்டை வேலை எளிதாக வருது என்று அவர் சொன்னது அந்த ஊரில் ரொம்பப் பிரபலம். கர்னால் மாதிரியே கையின் பெருமை.

அடுத்து அவர் எடுத்த அடிதான் வேறு. மனித முட்டைக்குப் போனார். 2004இல் 'சயின்ஸ்' இதழில், 16 பெண்கள் கொடுத்த 242 முட்டைகளிலிருந்து குளோன் செய்த மனிதக் கருவின் ஸ்டெம் செல் ஒன்று கிடைத்தது என்று எழுதினார். 2005இல், 185 முட்டைகளிலிருந்து நோயாளிகளுக்கே பொருந்தும் 11 ஸ்டெம் செல் வரிசைகள் என்றார். அதாவது ஒரு வரிசைக்குச் சராசரியாக 17 முட்டை. உலகம் வாய் பிளந்தது அந்த 17 என்ற எண்ணுக்காகத்தான். ஒரு பெண்ணிடம் ஒருமுறை எடுக்கிற முட்டை போதும் என்றால் சிகிச்சை நடைமுறைக்கு வந்துவிடும் இல்லையா? அரசாங்கம் தபால்தலை வெளியிட்டது. நாட்டின் முதல் 'உச்ச விஞ்ஞானி' என்ற பட்டம் கொடுத்தது.

2005 நவம்பரில் எம்.பி.சி. தொலைக்காட்சி முட்டை விவகாரத்தை வெளியே கொண்டுவந்தது. முட்டைக்குப் பணம் கொடுக்கப்பட்டிருந்தது. ஆய்வகத்தில் வேலை பார்த்த இளம் பெண்களும் முட்டை கொடுத்திருந்தார்கள். பேராசிரியரின் கையில் எதிர்காலம் இருக்கும்போது அது எவ்வளவு தூரம் சுயவிருப்பம் என்பதை ஆய்வு மாணவர்களாக இருந்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். பிறகு பல்கலைக்கழகமே விசாரித்து 2006 ஜனவரியில் முடிவைச் சொன்னது: 11 வரிசைகளில் ஒன்றுகூட உண்மை இல்லை, 2004இல் சொன்னதும் குளோன் இல்லை. 'சயின்ஸ்' இரண்டு கட்டுரைகளையும் திரும்பப் பெற்றது. அதே விசாரணை அறிக்கையில் இன்னொரு எண் இருந்தது. 2002 நவம்பரிலிருந்து மூன்று வருடத்தில் 129 பெண்களிடமிருந்து 2,061 முட்டைகள் எடுக்கப்பட்டிருந்தன. கட்டுரைகளில் காட்டிய கணக்கு இரண்டையும் கூட்டினால் 427.

ஒரு பெண்ணுக்கு மாதத்துக்கு இயல்பாக ஒரு முட்டைதான் முதிரும். பத்து, இருபது எடுக்கணும்னா பத்து நாளைக்கு மேல் ஹார்மோன் ஊசி போடணும். மயக்க மருந்து கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக ஊசி செலுத்தி உறிஞ்சணும். சிலருக்குச் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வரும். 2,061 என்பது அந்த மாதிரிப் பெறப்பட்டது. எருமை முட்டை வீணானால் யாருக்கும் ஒன்றும் இல்லை. இங்கே வீணான ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வயிறு இருக்கு. இதில் வேதனை என்னவென்றால், விவகாரம் வெளிவந்த பிறகும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொரியப் பெண்கள் ஹ்வாங்குக்கு முட்டை கொடுக்கத் தயார் என்று பதிவு செய்தார்கள்.

ஹ்வாங்கிடம் உண்மையான திறமையே இல்லை என்று சொல்வது தப்பு. 2005இல் பிறந்த ஸ்னப்பி என்ற குளோன் நாய் நிஜம் என்று அதே விசாரணை உறுதி செய்தது. அதன் கணக்கும் பயங்கரம்தான்: 1,095 கருக்கள், 123 வாடகைத் தாய் நாய்கள், பிறந்தது இரண்டு, ஒன்று நிமோனியாவில் போய் ஒன்று தங்கியது. பணக் கையாடலுக்கும் முட்டை வாங்கியதற்கும் 2009இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது, சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு அவர் வளர்ப்பு நாய்களைக் காசுக்குக் குளோன் செய்தார், அபுதாபியில் ஒட்டகங்களைக் குளோன் செய்கிறார். 2023இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'கிங் ஆஃப் குளோன்ஸ்' ஆவணப்படத்தில் அவரே கேமரா முன் பேசுகிறார். பட்டத்தின் பெயரிலேயே ராஜா வந்துவிட்டார். 129 பெண்களை மையமாக வைத்து யாராவது ஒரு படம் எடுத்தால் அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

எர்ணாவூரிலிருந்து பார்த்தால்

இப்போ ஊருக்கு வருகிறேன். சியோல் அறிக்கை வந்து சரியாக ஒரு வருடம் கழித்து, 2007 ஜனவரியில், எண்ணூர்ப் பக்கம் எர்ணாவூர் பெயர் நாடு முழுக்கச் செய்தியில் அடிபட்டது. 2004 சுனாமியில் வடசென்னைக் கடற்கரைக் குப்பங்களில் வீடு இழந்த மீனவக் குடும்பங்களை அங்கே தற்காலிகக் குடியிருப்பில் வைத்திருந்தார்கள். கடல் தூரம், தொழில் இல்லை, கடன். அந்தக் குடியிருப்பிலிருந்து பல பெண்கள் சிறுநீரகத்தை விற்றிருந்தார்கள். பேசின தொகை ஒன்று, கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. உறுப்பு விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1994லேயே வந்துவிட்டது. அதுக்கும் முன்னாடி வில்லிவாக்கத்துக்கே 'கிட்னிவாக்கம்' என்று பட்டப்பெயர் விழுந்திருந்தது.

சிறுநீரகமும் கருமுட்டையும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லைதான். ஆனால் வரத்துச் சங்கிலி ஒரே மாதிரி: ஒரு முனையில் தேவையும் பணமும் கௌரவமும் உள்ள மருத்துவம், மறுமுனையில் கடன்பட்ட பெண், நடுவில் புரோக்கர். 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம், போலி ஆதார் காட்டி வயதைக் கூட்டி, பல தடவை கருமுட்டை எடுத்த விவகாரம் வெளிவந்தது. அது குழந்தையின்மைச் சிகிச்சைக்காக நடந்தது, ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்காக இல்லை. இருந்தாலும் அந்த ஊசி ஒரே ஊசிதான். 2021இல் வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், 23 வயதிலிருந்து 35 வயதுக்குள் உள்ள பெண், வாழ்நாளில் ஒரே ஒருமுறை, அதிகபட்சம் ஏழு முட்டை என்று வரையறுக்கிறது. இந்த ஏழைப் பக்கத்தில் வைத்து 2,061ஐப் பாருங்க. சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் அத்தனை முட்டைக்கு ஏறக்குறைய 300 பெண்கள் வேண்டும்.

ஹ்வாங்கின் கதையை 'லட்சியவாதி வழி தவறினார்' என்று சொல்கிற கட்டுரைகள் எனக்கு ஒப்பாததற்குக் காரணம் இதுதான். புள்ளிவிவரத்தைத் திரித்தது பெரிய குற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் முடிவுகள் முழுக்க உண்மையாக இருந்திருந்தால்? அப்போ அந்த 129 பெண்களைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். சிகிச்சை பரவியிருக்கும், முட்டைக்குத் தேவை ஏறியிருக்கும், அந்தத் தேவை கடைசியில் எர்ணாவூர் மாதிரி இடங்களைத்தான் தேடி வந்திருக்கும். அவர் தோற்றதால் தப்பித்தோம் என்றுகூடச் சொல்லலாம்.

முட்டையே வேண்டாம் என்றவர்

ஹ்வாங் விழுந்த அதே 2006இல் ஜப்பானில் ஷின்யா யமனாகா எலியின் தோல் செல்லில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கரு ஸ்டெம் செல் மாதிரி மாற்றிக் காட்டினார். 2007இல் மனித செல்லிலும் செய்தார். முட்டை செய்கிற வேலையில் ஒரு பகுதியை நான்கு மரபணுக்களால் செய்ய வைத்தார் என்று புரிந்துகொள்ளலாம். 2012இல் நோபல் பரிசு அவருக்கும், 1962லேயே தவளை முட்டையில் இந்த அடிப்படையைக் காட்டிய ஜான் கர்டனுக்கும் சேர்த்துக் கிடைத்தது. ஹ்வாங் செய்ததாகச் சொன்னதை 2013இல் அமெரிக்காவின் ஓரிகனில் ஷூக்ரத் மிதலிபோவ் குழு நிஜமாகவே செய்தது, முட்டை கொடுத்தவர்களுக்குப் பணம் கொடுத்து. ஆனால் அதுக்குள் பெரும்பாலான ஆய்வகங்கள் யமனாகா வழிக்குப் போய்விட்டன. மனித முட்டையைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது அதுக்கு ஒரு பெரிய காரணம்.

முன்னோடி என்ற சொல்லை யாருக்குக் கொடுப்பது என்று என்னைக் கேட்டால், 'முதலில் செய்தவர்' என்ற அளவுகோல் போதாது. அடுத்தவர் செய்துகாட்ட முடிந்ததா, அதுக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்ற இரண்டையும் சேர்க்கணும். அந்தக் கணக்கில் தீபாஷா பற்றிய என் மனக்குறை இருந்தாலும் கர்னால் குழு நல்லாவே தேறுகிறது. யமனாகா இன்னும் மேலே. ஸ்னப்பியை வைத்து ஹ்வாங்குக்குக் கைத்திறன் மதிப்பெண் கொடுக்கலாம், அதுக்கு மேல் முடியாது.

இது பழைய கதை இல்லை என்பதையும் சொல்லிவிடணும். எலியின் ஸ்டெம் செல்லிலிருந்தே கருமுட்டையை உருவாக்கி, அதிலிருந்து குட்டி பிறக்க வைத்ததாக ஜப்பானியர்கள் 2012இல் காட்டிவிட்டார்கள். அது மனிதருக்கு வரும் வரை, மனித முட்டை வேண்டும் என்று சொல்கிற ஒவ்வொரு 'உலகிலேயே முதல்முறை' செய்தியிலும் மூன்று எண்களைத் தேடுங்கள்: எத்தனை முட்டை, எத்தனை பெண்கள், ஒருவருக்கு எவ்வளவு பணம். அந்த எண்கள் செய்தியில் இல்லையென்றால் கருத்துப் பெட்டியில் கேளுங்கள், எழுதின நிருபருக்கு மெயில் போடுங்கள். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.